கதிர்காமத்தில் இறக்காத முடி

என் மனைவியை நான் ஒருநாளும் அடித்ததில்லை. கண்டி அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்த காலத்தில் அயலவர்கள் என்னை நல்ல கணவன் என்றுதான் சொன்னார்கள். நான் அவளுக்குச் செய்ததை வழக்குப் பேசும் ஒரு பிறக்கிராசியாரின் அலுவலகத்தில், கதிரையில் அமர்ந்தபடி, சத்தம் உயர்த்தாமல், ஒரே வசனத்தில் செய்தேன். அவள் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை எழுதுவதால் வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான்.

எங்கள் திருமணம் சாதகம் பார்த்துச் செய்தது. அவளுக்குத் தாய்மாமன் மகன் ஒருவன், முறை மச்சான், இருந்தான். அவனுக்கே அவள் என்று சிறுவயதில் இரண்டு வீட்டிலும் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்தவில்லை என்று சாத்திரியார் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. பிறகு அரசாங்க உத்தியோகக்காரன் என்று என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் அவனை வேண்டாம் என்று விடவில்லை. அவன் கிடைக்காமல் போனான். இந்த வேறுபாடு எனக்கு மணவறையிலேயே விளங்கிவிட்டது. அவனோ பந்தியில் சோற்று வாளியோடு சிரித்தபடி ஓடித்திரிந்தான்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் குடியேறிய மறுவருடம் அவன் கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து கலப்பவனாக வந்து சேர்ந்தான். தோட்டத்துச் சனம் அவனை டாக்டர் ஐயா என்றது. ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் பேராதனை வழியாக பஸ் ஏறி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். என்னை அண்ணை என்பான். அவளை மச்சாள் என்பான்.

"மச்சாள், சொதிக்கு உப்புப் போட மறந்திட்டீர் போலை."

"தோட்டத்து மருந்துத் தண்ணியைக் குடிச்சு உமக்கு நாக்குச் செத்துப் போச்சு. அவர் ஒண்டும் சொல்லேல்லையே."

"அண்ணை என்னத்தைச் சொல்லுவார்? கச்சேரிக்கு வாற பெட்டிசம் வாசிச்சு வாசிச்சு அவருக்கு எல்லாம் ஒரே ருசி."

இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன் போன பிறகு அவள் கோப்பைகளைக் கழுவும்போது, என்னோடு கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள் என்று யோசிப்பேன். அவன் வரும் ஞாயிறுகளில் அவள் பின்னலைப் பிரித்து மறுபடி பின்னுவதைக் கவனித்தேன். வராத ஞாயிறுகளில் பின்னினாளா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அவளுடைய தலைமயிர் இறுக்கமான சுருள். அடர்த்தியானது, எண்ணெய்க்கும் படியாதது. நகரத்தில் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலையில் அவள் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். காலையில் அந்தத் தலையைச் சீவி முடிக்க அரைமணி நேரம் பிடிக்கும். சீப்பின் பற்கள் உடைந்து நிலத்தில் கிடக்கும்.

மலேரியா நாட்டை உலுக்கிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, சுருட்டை மயிரை நேராக்கும் பசை என்று ஒன்று கொழும்புக் கொம்பனியொன்றின் பெயரோடு கண்டிக் கடைகளுக்கு வந்தது. வாயகன்ற போத்தல். மேலே, இடுப்புவரை நீர்போல விழுந்த கூந்தலோடு ஒரு பெண்ணின் படம். எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் வியாபாரியின் கடையிலும் அது விற்றது. அவள் அங்கேதான் வாங்கினாள். எனக்குச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் கச்சேரி விட்டு வந்தபோது பின்கட்டில் அவளுடைய முனகல் கேட்டது. வாளிக்குள் தலையைக் கவிழ்த்து, ஒரு கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுகையில் சீப்பு. அதில் மயிர் கொத்தாகச் சுற்றியிருந்தது. ஊறிய சவர்க்காரம் போல வழுவழுத்து, அறுந்து வந்த மயிர். வலது காதுக்குப் பின்னால் தோல் உரிந்து சிவந்திருந்தது. போத்தலோடு வந்த தாளில், எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள், சீப்பு தடையில்லாமல் ஓடும்வரை பொறுத்திருக்கவும் என்று போட்டிருந்தார்கள். அவள் பொறுத்திருந்தாள்.

நான் செய்யவேண்டியது வாளியை வாங்கித் தண்ணீர் ஊற்றுவது. நான் வாசலில் நின்று கேட்டேன்:

"ஆருக்காக உதைப் பூசினீர்?"

"தண்ணி ஊத்துங்கோ" என்றாள்.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அதுதானே?"

அவள் தானே இன்னொரு வாளிக்கு எழுந்து போனாள். அதன் பிறகுதான் நான் அசைந்தேன்.

மறுநாள் அவன் வந்தான். அவளுடைய தலையைக் கண்டதும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றான். நான் மறுத்தேன். வெட்கம் என்று காரணம் சொன்னேன். "அப்ப நான் பாக்கிறன்" என்று சட்டைக் கையை மடித்தான். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து தலையைக் கழுவினான். மிஞ்சியிருந்த மயிரைத் தன் சவரக் கத்தியால் எடுத்தான். மருந்து தடவித் துணி சுற்றினான். எல்லாவற்றையும் நான் கதவருகே நின்று பார்த்தேன். காதை மடித்துப் பிடித்து அதன் பின்புறத்தை அவன் துடைத்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலியால் மூடினாள் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு வருடம் கூடி வாழ்ந்தும் அந்த இடத்தில் என் விரல் பட்டதில்லை என்பதுதான் அன்று எனக்குத் தோன்றியது.

அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் படுக்கை. அந்தப் பத்து நாளில் நான் ஒரு கதையைக் கட்டினேன். மனைவி தலைமயிரை இழந்தாள் என்றால் யாருக்காக அழகு செய்யப் போனாள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை வேறொருவர் வாயில் கேட்க என்னால் முடியாது. ஆகவே அவள் பிள்ளை வரம் வேண்டிக் கதிர்காமக் கந்தனுக்கு முடி இறக்கினாள் என்று சொன்னேன். கச்சேரியில் லீவு எடுத்து, கதிர்காமம் போனதுபோல வாசற்கதவைப் பூட்டி வைத்தேன். கண்டி நகருக்குள்ளேயே இருக்கும் கதிர்காமக் கந்தன் தேவாலயத்தில் விபூதி வாங்கி, கதிர்காமத்தில் இருந்து கொண்டுவந்தது என்று நாலு வீட்டுக்கும் கச்சேரியில் என் பகுதிக்கும் கொடுத்தேன். பாடசாலைக்கும் என் நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன்: நேர்த்திக்கடன் தீர்க்கப் போனதால் வரமுடியவில்லை.

அவள் எழுந்து முக்காட்டோடு முற்றத்துக்கு வந்த முதல் நாள், பக்கத்து வீட்டு வியாபாரியின் மனைவி வேலியோரம் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒங்கட ஐயா சொன்னாரு. ஒங்கட நேத்திய அல்லா ஏத்துக்கட்டும். சீக்கிரமா ஒரு புள்ள கெடைக்கும், பாருங்க."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைக்காகவோ?" என்று உள்ளே வந்து கேட்டாள். "இனி மாதாமாதம் எல்லாரும் என்ரை வயித்தைப் பாப்பினம். உங்களுக்கு வேறை பொய் கிடைக்கேல்லையோ?"

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வாரமே பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. மிஷன் பாடசாலை. தலைமையாசிரியை ஒரு வெள்ளைக்காரப் பெண். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு முன்னால் கோயில் நேர்த்திக்கு மொட்டை அடித்த ஆசிரியையை நிறுத்துவது சரியாகாது, அவளை நிரந்தரமாக்குவதற்கில்லை, அடுத்த தவணை வரவேண்டாம் என்று பண்பாகவே எழுதியிருந்தாள். என் கடிதத்தைப் பற்றி என் மனைவி அதை வாசித்துத்தான் அறிந்தாள். காகிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"பசை சுட்டதெண்டு எழுதியிருந்தா பெரிய மிஸ் இரக்கப்பட்டிருப்பா" என்றாள். "நீங்கள் எழுதினதாலை வேலை போச்சு."

அவள் அழுதுவிட்டு அடங்குவாள் என்று நினைத்தேன். அவள் வழக்குப் போட நினைத்தாள். இந்தப் பசைதான் தலையை எரித்தது என்று ஒரு நீதிமன்றம் சொன்னால், அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய்ப் பாடசாலையில் வைக்கலாம். வேலை திரும்பக் கிடைக்கும். போத்தலும் கடைகளிலிருந்து இறங்கும். இதுதான் அவளுடைய கணக்கு. நட்டஈட்டைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் முக்காட்டை நீக்கி உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் தன் வீட்டுப் பக்கம் திரும்பி, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு தன் முக்காட்டைப் பின்னே தள்ளிக் காட்டினாள். நெற்றிக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு மயிர் இல்லை.

"கடையில உள்ள சாமான்தானேன்டு நானும் பூசினேன் டீச்சர். எங்கட ஆளுக்குக்கூட நான் சொல்லல்ல. பொம்புளைக்கு வேல இல்லையா, இதெல்லாம் என்னத்துக்குன்டு ஏசுவாரு."

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பறங்கிப் பெண்ணுக்கும் இதே கதி என்று தெரிந்தது. முதலில் என் மனைவியின் வழக்கு, அது நின்றால் தங்களுடையது என்று மற்ற இருவரும் காத்திருந்தார்கள்.

பிறக்கிராசியார் எங்கள் ஊர்க்காரர். கண்டிக் கோட்டில் வழக்காடிப் பெயரெடுத்த வயதானவர். யாழ்ப்பாணத்தவருக்கான தேசவழமைச் சட்டப்படி மனைவி தனியாக வழக்குப் போட முடியாது, கணவனும் சேரவேண்டும் என்று அவர் சொன்னதால் நானும் வழக்காளியாகக் கையெழுத்திட்டேன். முக்கிய சாட்சி யார் என்று அவர் கேட்டபோது அவள் சொன்னாள், "என்ரை மச்சான்."

அடுத்த முறை அவன் ஒரு கோழி இறகோடு வந்தான். பிறக்கிராசியாரின் மேசையில் ஒரு கிளாஸை வைத்து, மிச்சமிருந்த பசையில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்து, இறகை அதில் போட்டான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே இறகின் ஓரங்கள் கலைந்து கூழாயின. கடைசியில் தண்டு மட்டும் மிஞ்சியது.

"கோஸ்டிக் சோடா, ஐயா. சவர்க்காரம் காய்ச்சிற சாமான். இதை மனுசத் தலையிலை பூசச் சொல்லியிருக்கிறாங்கள்."

பிறக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, உதைக் கோட்டிலை நீதவானுக்கு முன்னாலை செய்து காட்டுவீரோ?"

"கோழி நீங்கள் தந்தா செய்வன்."

அவர் சிரித்தார். அவள் சிரித்தாள். பாடசாலைக் கடிதம் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். வழக்கு வெல்லும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. வென்றால் அது அவனுடைய வெற்றி. அவன் கூண்டில் ஏறி, கண்டி நகரம் முழுவதும் கேட்க, என் மனைவியின் தலையை அங்குலம் அங்குலமாகச் சொல்லுவான். அவளைக் காப்பாற்றியவன் என்று பேர் எடுப்பான். நான் கணவன் என்று பின்னால் உட்கார்ந்திருப்பேன். அன்று வீடு திரும்பும்போது அவர்கள் இருவரும் முன்னே பேசிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியைக் கண்ணால் அளந்துகொண்டு நான் பின்னே வந்தேன்.

நட்டஈடு கேட்டுப் பிறக்கிராசியார் எழுதிய கடிதத்துக்குக் கொம்பனியின் வக்கீல்கள் இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதினார்கள். அவர்களுடைய ஆள் ஒருவர் கண்டிக்கு வந்து அயலில் விசாரித்திருக்கிறார். பாடசாலைக்கும் போயிருக்கிறார். பிறக்கிராசியார் எங்கள் மூவரையும் வரச்சொன்னார். அவள் நடுக்கதிரையில் இருந்தாள். அவன் அவளுக்கு வலப்புறம். அவளுடைய தலையில் இருந்த காயங்களின் இடங்களையும் அளவுகளையும் அவன் ஒரு தாளில் கீறிக்கொண்டு வந்திருந்தான். அந்தத் தாள் மேசையில் விரிந்து கிடந்தது.

பிறக்கிராசியார் என்னைப் பார்த்துக் கேட்டார். "பசையாலை மயிர் போகேல்லை, கதிர்காமத்திலை நேர்த்திக்கு இறக்கினதெண்டு கொம்பனி சொல்லுது. பள்ளிக்கூடத்துக்குப் போன கடிதத்தின்ரை பிரதியும் அனுப்பியிருக்கினம். இது ஆற்றை எழுத்து?"

"என்ரை."

"சரி. வெக்கத்துக்கு ஒரு பொய் எழுதினீர். அதிலை பயப்பிட ஒண்டுமில்லை. அது பொய்யெண்டு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுத் தாரும். கச்சேரியிலை நாலு பேர் ஒரு கிழமை சிரிப்பினம். பிறகு மறந்து போவினம். வழக்கு நிக்கும்."

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று நினைக்கிறேன். அந்த நேரம் அவன், எனக்குத் துணிவு கொடுப்பதாக எண்ணி, குறுக்கே சொன்னான்:

"சொல்லுங்கோ அண்ணை. நானும் சாட்சி சொல்லுவன்தானே. மச்சாளின்ரை தலையை மூண்டு மாதம் பாத்தனான். ஒவ்வொரு இடமும் எனக்குப் பாடம்."

அந்தத் தாளைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் அவன் போட்டிருந்த சிறு வட்டத்தைப் பார்த்தேன்.

"நேர்த்தி இருந்தது உண்மைதான்" என்றேன்.

வெளியே கோட்டு வாசலில் கட்டியக்காரன் யாருடைய பெயரையோ மூன்று முறை கூவினான்.

"அண்ணை!" என்று அவன் எழுந்தான்.

"மச்சான், இரும்" என்றாள் அவள்.

பிறக்கிராசியார் பேனாவை மூடினார். "வழக்காளியே நேர்த்தி எண்டு சொன்னா, பசையைப் பற்றி நான் எந்த வாயாலை பேசிறது? நீர் சேராட்டில் இவவும் நிக்கேலாது. உமக்கு விளங்குதுதானே, நீர் என்ன செய்தனீர் எண்டு?"

விளங்குகிறது என்று தலையசைத்தேன். அவள் மட்டும் எழுந்து, "கடதாசியளைத் தாங்கோ ஐயா" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் கீறிய தாளை எடுக்கவில்லை. அதை அவனே மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதையும் நான் பார்த்தேன்.

வாவிக்கரை வழியே நடந்து வந்தோம். அவன் எங்களோடு வரவில்லை. பாதிவழியில் அவள் நின்றாள்.

"ஏன்?"

"அவன் எல்லாருக்கும் முன்னாலை உம்மடை தலையைப் பற்றி..."

"சொல்லுங்கோ."

"ஆருக்காகப் பூசினீர் எண்டு நீர் இண்டைக்கும் சொல்லேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினேன். இருந்தது வியப்புத்தான்.

"பெரிய மிஸ் சொன்னவ, தலை படிய வாரிக்கொண்டு வராட்டில் நிரந்தரமாக்கிறது கஷ்டமெண்டு. பிள்ளையள் பாத்துப் பழகுங்களாம். இன்ஸ்பெக்டர் வாறதுக்கு முதல் சரிப்பண்ணச் சொன்னவ. அதுக்குத்தான் பூசினனான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

"கேட்டனான்."

"ஆருக்காக எண்டு கேட்டனீங்கள். ஏன் எண்டு கேக்கேல்லை."

அன்று அந்தியில் பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் காத்திருந்தாள். "டீச்சர், எங்கட கேஸ் என்னாச்சி?" என் மனைவி முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். அடுத்த வீட்டு முற்றத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். ஆங்காங்கே முளைத்த குட்டை மயிரும், மினுங்கும் வழுக்கைத் தோலும், காதருகே வடுவும் எல்லோர் கண்ணிலும் பட்டன.

"கேஸ் இல்லை. நேர்த்தியும் இல்லை. மருந்து சுட்டது. என்ரை மனுசன் பொய் சொல்லிப்போட்டார்."

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அன்று தொடங்கி அவள் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் தலையை மூடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அதே சொற்களைச் சொன்னாள். கேட்காத பெண்களிடமும், சுருட்டை மயிரைக் கண்டால், நின்று சொன்னாள். பக்கத்து வீட்டு வியாபாரி மிஞ்சிய போத்தல்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார். மற்றக் கடைகளில் அது சில வருடங்கள் விற்றது. அந்த இரு பெண்களின் வழக்கையும் பிறக்கிராசியார் எடுக்கவில்லை. முதல் வழக்காளியின் கணவன் வாயாலேயே பசை குற்றமற்றது என்று ஆகிவிட்டதாம். அவள் பாடசாலைக்குப் போய்த் தலையைக் காட்டிப் பார்த்தாள். தலைமையாசிரியை இரக்கப்பட்டாள். ஆனால் உங்கள் கணவரே எழுதியிருக்கிறாரே என்றாளாம். அந்த இடத்தில் வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள். என் மனைவி வீட்டில் அயல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். வெயிலில் தலைத்தோல் வெடிக்கும். கடைசிவரை வெடித்தது. எண்ணெய் தடவிவிடவா என்று கேட்க எனக்கு ஒருநாளும் நா எழவில்லை.

அவன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பதுளைப் பக்கம் மாறிப்போனான், திருமணம் செய்தான் என்று ஊரிலிருந்து வந்த கடிதங்கள் சொல்லின. அவற்றை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்பாள். முப்பது வருடங்களில் அவனைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒருவனை மறந்ததால் வரும் மௌனமும் மனதில் வைத்திருப்பதால் வரும் மௌனமும் வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று எண்ணி, அந்த மௌனத்தின் மீதும் பொறாமைப்பட்டேன். ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய முகத்தைப் பார்ப்பேன்.

அவன் இறந்த செய்தி தந்தியில் வந்தது. நான்தான் பிரித்து வாசித்தேன். அவள் கையிலிருந்த பிள்ளைகளின் கொப்பியை மூடி வைத்தாள். "பாவம்" என்றாள். சற்றுப் பொறுத்து என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். சொல்ல வேண்டியது என்ன என்றும் எனக்குத் தெரியும். அந்த நேர்த்தி பொய் என்று அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். நான் மட்டும் என் வாயால் அது பொய் என்று அவளிடம்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றும் நான் சொல்லவில்லை. அவள் அந்தப் "பாவம்" என்பதை எந்தக் குரலில் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.